வலிக்காத புண்: வாய்ப் புற்றைத் தொடக்கத்திலேயே இனம் காணுதல்

வாய்ப் புற்றுநோயோடு மருத்துவமனைக்கு வருபவரிடம் "எத்தனை நாளாக?" என்று கேட்டால், வலி தொடங்கிய நாளைத்தான் பெரும்பாலும் சொல்வார். அதற்கு முன்பு நாக்கு நுனிக்குத் தட்டுப்பட்டுக்கொண்டே இருந்த சொரசொரப்பு, குழம்பில் காரம் கொஞ்சம் கூடினாலும் எரிந்த கன்னம், பல் துலக்கும்போது ஒரே இடத்தில் கசிந்த ரத்தம் எதுவும் அந்தக் கணக்கில் சேராது. வலிக்காததை யாரும் நோயாக நினைப்பதில்லை. ஆனால் வாய்ப் புற்று தொடக்கத்தில் பெரும்பாலும் வலிப்பதில்லை. வலி வந்துவிட்டதென்றால் புண் ஆழத்துக்கு இறங்கியிருக்கலாம், நரம்பைத் தொட்டிருக்கலாம், கிருமி சேர்ந்திருக்கலாம். எனவே இந்த அத்தியாயம் முழுவதும் வலியை ஒரு ஓரமாக வைத்துவிடுவோம். எத்தனை நாளாக இருக்கிறது, தொட்டால் எப்படி இருக்கிறது, அந்த இடத்தில் எதை வைத்துப் பழகியவர் என்று மட்டும் பார்ப்போம்.

வீடு வீடாகப் போகும் சுகாதாரத் தன்னார்வலர்களை மனதில் வைத்தே இதை எழுதுகிறேன். வெற்றிலை போடும் அப்பத்தாவோ, பீடி பிடிக்கும் அப்பாவோ வீட்டில் இருப்பவர்களுக்கும் இது பயன்படும். "டாக்டருக்குப் படிக்காத நாம பாத்து என்னத்தக் கண்டுபிடிக்கப் போறோம்?" என்ற தயக்கம் வேண்டாம். அதற்குப் பதில் பக்கத்துக் கேரளத்தில் இருக்கிறது. 1996-இல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்தில் 13 பஞ்சாயத்துப் பகுதிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவில் 35 வயதைத் தொட்டவர்களின் வாயைச் சுகாதாரப் பணியாளர்கள் வீடு தேடிப் போய் வெளிச்சத்தில் பார்த்தார்கள். அவர்கள் மருத்துவர்கள் இல்லை, இதற்கென்று பயிற்சி பெற்றவர்கள். சந்தேகம் வந்தவரை மருத்துவரிடம் அனுப்பினார்கள். மற்றொரு பிரிவில் வழக்கமான மருத்துவ வசதி மட்டும். 2005-இல் லான்செட் இதழில் முடிவு வெளியானது. புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடையே, வாய்ப் புற்றால் நேரும் மரணம் பார்க்கப்பட்ட பிரிவில் 34 சதவீதம் குறைவு. பழக்கம் இல்லாதவர்களையும் சேர்த்துக் கணக்கிட்டபோது வித்தியாசம் அந்த அளவுக்கு உறுதியாகத் தெரியவில்லை. ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போக முடியாதபோது யார் வாயை முதலில் பார்ப்பது என்ற கேள்விக்கும் இதிலேயே விடை இருக்கிறது.

எந்தப் பக்கம் அடக்குவீங்க?

வாயைத் திறக்கச் சொல்வதற்கு முன் பேச்சுக் கொடுங்கள். "வெத்தலை போடுவீங்களா?" என்று கேட்டால் "எப்பவாச்சும்" என்று பதில் வரும். "வெத்தலைய எந்தப் பக்கம் அடக்குவீங்க அப்பத்தா?" என்று கேட்டுப் பாருங்கள், யோசிக்காமல் ஒரு கன்னத்தைத் தொட்டுக் காட்டுவார். நீங்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் அதுதான். ராத்திரி புகையிலையை அடக்கிக்கொண்டே தூங்கும் பழக்கம் உண்டா என்பதையும் அப்போதே கேட்டுவிடலாம்.

மேற்கு நாடுகளில் நாக்கின் ஓரத்திலும் நாக்கின் அடியிலும் இந்தப் புற்று அதிகம். நம் நாட்டில் கன்னத்தின் உட்புறமும், கன்னத்துக்கும் கீழ் ஈறுக்கும் நடுவிலுள்ள பள்ளமும் முன்னால் நிற்கின்றன. புகையிலையும் பாக்கும் சுண்ணாம்பும் மணிக்கணக்கில் அங்கேதானே ஊறுகின்றன! தூள் புகையிலையைக் கீழுதட்டுக்குள் வைப்பவருக்கு அந்த உதட்டின் உட்புறமும் அதையொட்டிய ஈறும். ஆந்திரக் கடலோரத்தில், ஸ்ரீகாகுளம், விசாகப்பட்டினம் பக்கத்துக் கிராமங்களில், சுருட்டின் எரியும் முனையை வாய்க்குள் வைத்துப் புகைக்கும் பெண்கள் உண்டு. வேறு ஊர்களில் அரிதாகவே காணப்படும் மேல் அண்ணப் புற்று அவர்களுக்கு வருகிறது. பழக்கம் எங்கே உட்கார்ந்திருக்கிறதோ அங்கே கண்ணை வையுங்கள்.

இளைஞர்களிடம் கேட்பது இன்னும் கடினம். குட்காவும் பான் மசாலாவும் தமிழ்நாட்டில் 2013-இல் தடை செய்யப்பட்டவை. ஆனாலும் ஹான்ஸ், கூல் லிப் என்று பெயர் சொல்லிக் கேட்பவருக்குப் பெட்டிக்கடையில் கிடைத்துவிடுகிறது என்பது ஊரறிந்த விஷயம். போலீஸ் விசாரணை மாதிரி கேட்டால் பையன் வாயை இறுக மூடிக்கொள்வான். அம்மா எதிரில் கேட்காதீர்கள். "உதட்டுக்குள்ள எரியுதா தம்பி?" என்பதிலிருந்து தொடங்கினால் மீதியை அவனே சொல்வான். குடியும் புகையிலையும் சேர்ந்திருந்தால் ஆபத்து வெறுமனே கூடுவதில்லை, பெருகுகிறது. அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எந்தப் பழக்கமும் இல்லாதவருக்கு, குறிப்பாக நாக்கின் ஓரத்தில், இந்த நோய் வருவதும் உண்டு. "அவர் டீகூடக் குடிக்கமாட்டார்" என்பது ஆறாத புண்ணை விட்டுவிடக் காரணமாகாது.

வாயைப் பார்க்கும் முறை

திண்ணையிலோ ஜன்னலோரத்திலோ உட்காரவையுங்கள். பகல் வெளிச்சமும் செல்போன் டார்ச்சும் போதும். உங்கள் கையில் கையுறை இருக்கட்டும். பல்செட் இருந்தால் கழற்றச் சொல்லுங்கள், அதன் அடியில் மறைந்திருப்பதும் உண்டு. நன்றாக வாய் கொப்பளித்த பிறகே பார்க்க வேண்டும். வெற்றிலைக் கறை வெள்ளைப் படலத்தையும் சிவப்புப் படலத்தையும் ஒருசேர மறைத்துவிடும்.

முதலில் உதட்டைப் புரட்டி உட்புறம். பிறகு மரக்குச்சியாலோ கரண்டிக் காம்பாலோ கன்னத்தை ஒதுக்கி, கடைவாயின் கடைசிப் பல்லுக்குப் பின்னால் வரை பாருங்கள். கன்னமும் கீழ் ஈறும் சேரும் பள்ளத்தில் வெளிச்சம் தானாக விழாது, கன்னத்தை வெளியே இழுத்துப் பிடிக்க வேண்டும். பிறகு ஈறு, மேல் அண்ணம். நாக்கை மேலே தூக்கச் சொல்லி அதன் அடியைப் பாருங்கள். அவசரத்தில் பெரும்பாலும் விட்டுப்போவது நாக்கின் பின்பக்க ஓரம்தான். "நாக்கை நீட்டுங்க" என்றால் நுனிதான் வெளியே வரும். காஸ் துணியால் நுனியைப் பிடித்து ஒரு பக்கமாக மெதுவாக இழுத்தால் மட்டுமே எதிர்ப்பக்க ஓரம் கடைவாய் வரை தெரியும். நாக்குப் புற்று அதிகம் தோன்றும் இடம் அந்த ஓரம். வீட்டில் தன்னைத் தானே பார்ப்பவர் கண்ணாடி முன் நின்று இதையே செய்யலாம்.

முதல் முறை உற்றுப் பார்ப்பவரைப் பயமுறுத்தும் சில விஷயங்கள் நலமான வாயிலும் உண்டு. நாக்கின் பின்பகுதியில் குறுக்கே வரிசையாக நிற்கும் உருண்டை மொட்டுகள் சுவை மொட்டுகளைத் தாங்குபவை. மேல் கடைவாய்ப்பல்லுக்கு எதிரே கன்னத்தில் இருக்கும் சிறு மேடு எச்சில் சுரப்பியின் வாய். பற்கள் கூடும் உயரத்தில் கன்னத்தில் ஓடும் மெல்லிய வெள்ளைக் கோடு, உதட்டுக்குள் மஞ்சள் பொடிப் புள்ளிகள், மேல் அண்ணத்தின் நடுவில் எலும்பாகவே தட்டுப்படும் புடைப்பு எதுவும் நோய் இல்லை. இரு பக்கமும் ஒரே மாதிரி இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஒரு பக்கம் மட்டும் இருப்பதுதான் கேள்விக்குரியது.

வெள்ளையும் சிவப்பும்

கன்னத்திலோ நாக்கிலோ வெள்ளையாக ஒரு படலம் தெரிந்தால், காஸ் துணியால் மெதுவாகத் துடைத்துப் பாருங்கள். வழித்துக்கொண்டு வந்தால் அது பூஞ்சைத் தொற்றாக இருக்கலாம். சர்க்கரை நோயாளிகளிடமும், ஆஸ்துமாவுக்கு இன்ஹேலர் இழுப்பவர்களிடமும், பல்செட் போட்டவர்களிடமும் அதைப் பார்க்கலாம். துடைத்தும் போகாத, வேறு காரணமும் சொல்ல முடியாத வெள்ளைப் படலத்தை மருத்துவர்கள் லூக்கோபிளேக்கியா என்பார்கள். இது புற்று இல்லை, புற்றாக மாறக்கூடிய நிலம். இவற்றில் சிறு பங்குதான் அப்படி மாறுகிறது. எந்தப் பங்கு என்பதைக் கண்ணால் சொல்லிவிட முடியாது என்பதால் எல்லாவற்றையும் மருத்துவரிடம் காட்ட வேண்டியிருக்கிறது. ஆனாலும் அவசரத்தில் வேறுபாடு உண்டு. மெல்லியதாக, ஒரே சீராக இருப்பதைவிட, மேடுபள்ளமாக மரு போலத் தடித்திருப்பதும், வெள்ளைக்கு நடுவே சிவப்புத் திட்டுகள் கலந்திருப்பதும், நாக்கின் ஓரத்திலும் அடியிலும் இருப்பதும் அதிக ஆபத்தானவை. கன்னத்தில் இரு பக்கமும் வலைப்பின்னலாக வெள்ளைக் கோடுகள் ஓடினால் அது லைக்கன் பிளேனஸ் என்ற வேறொரு நோயாக இருக்கலாம். அதையும் மருத்துவர் பார்த்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும்.

வெள்ளையைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள். நான் அதிகம் பயப்படச் சொல்வது சிவப்புக்கு. வெல்வெட் மாதிரி வழுவழுவென்று, ஓரம் தெளிவாகத் தெரியும்படி ஒரு சிவப்புத் திட்டு இருக்கும். வலிக்காது, தடிக்காது, சூடு பட்டதுபோல் தோன்றும். இது எரித்ரோபிளேக்கியா. வெள்ளைப் படலத்தைவிட மிக அரிது. ஆனால் இப்படிப்பட்ட திட்டுகளிலிருந்து சதை எடுத்துப் பார்த்தால் பெரும்பாலானவற்றில் முற்றிய செல் மாற்றமோ, தொடங்கிவிட்ட புற்றோதான் தெரிகிறது. கடித்துக்கொண்டதோ சுட்டுக்கொண்டதோ இல்லாமல் இப்படி ஒரு சிவப்புத் திட்டு இருந்தால், ஒரு வாரம் பார்ப்போம் என்ற பேச்சே கூடாது.

விரல் சொல்வது

சாதாரண வாய்ப்புண்ணுக்கு ஒரு குணம் உண்டு. சுரீரென்று வலிக்கும். வட்டமாக, நடுவில் மஞ்சளாக, சுற்றிலும் சிவந்திருக்கும். ஒரு வாரம், பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரத்தில் ஆறிவிடும். இன்னொரு மாதம் இன்னோர் இடத்தில் வரும். பல ஆண்டுகளாக இப்படி வந்து போகும் புண்ணைப் பற்றிப் பயப்பட வேண்டியதில்லை. வந்த இடத்திலேயே உட்கார்ந்துகொண்டு போகாமல் இருக்கும் ஒற்றைப் புண்தான் நம் சந்தேகத்துக்குரியது.

அதைத் தொட்டுப் பாருங்கள். கையுறை போட்ட ஆள்காட்டி விரலைப் புண்ணின் மேலும் அதன் ஓரத்திலும் வைத்து லேசாக அழுத்துங்கள். கன்னமாக இருந்தால் கட்டை விரலை வெளியே வைத்து இரண்டு விரலுக்கும் நடுவில் பிடித்துப் பாருங்கள். சாதாரணப் புண்ணின் அடிப்பகுதி உங்கள் உதட்டை அழுத்தினால் தெரியும் மிருதுவோடு இருக்கும். மூக்கின் நுனியை அழுத்தினால் தெரியும் கெட்டித்தன்மை புண்ணின் அடியில் தட்டுப்பட்டால், மற்ற எந்த அடையாளத்தையும்விட அது கனமானது. ஓரம் வெளிப்புறமாகச் சுருண்டு தடித்திருப்பது, லேசாகத் தொட்டாலே ரத்தம் கசிவது, அடியிலுள்ள சதையோடு ஒட்டி அசையாமல் இருப்பது எல்லாம் அதோடு சேர்ந்து வரலாம். சில சமயம் புண்ணே இருக்காது. மேல் தோல் வழுவழுப்பாக இருக்க, உள்ளே ஒரு கெட்டி மட்டும் இருக்கும். அதைக் கண்ணால் கண்டுபிடிக்கவே முடியாது. டார்ச் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறவர்கள் தவறவிடுவது இதைத்தான்.

கூரான உடைந்த பல் உராய்வதால் நாக்கில் புண் வந்தால், பல் மருத்துவரிடம் அனுப்பிப் பல்லைத் தேய்க்கவோ எடுக்கவோ சொல்லலாம். காரணம் போன பின் இரண்டு வாரத்தில் புண்ணும் போக வேண்டும். போகாவிட்டால் பல்லைக் காரணம் சொல்லிக்கொண்டிருக்கக் கூடாது.

பாக்கின் இறுக்கம்

"புகையிலை போடறதில்ல, வெறும் பாக்குதான்" என்று சொல்பவரை விட்டுவிடாதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் லியோன் நகரில் இயங்கும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம், 2004-இல் வெளியிட்ட தொகுப்பில், புகையிலை சேராத பாக்கையே மனிதருக்குப் புற்று உண்டாக்கும் பொருள் என்று வகைப்படுத்திவிட்டது. பாக்கு வேறொரு வழியிலும் கெடுக்கிறது. கன்னத்தின் தோலுக்கு அடியில் நாராகத் திரண்டு, வாயை மெல்ல மெல்ல இறுக்குகிறது.

முதல் அடையாளம் காரம் தாங்காமை. முன்பு மிளகாய்ச் சட்னி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் தயிர்சாதத்துக்கு மாறிவிடுவார், வீட்டில் அல்சர் என்று நினைப்பார்கள். அடுத்து கன்னத்தின் உட்புறம் ரோஜா நிறம் போய் வெளிறும். விரலால் தடவினால் மேலும் கீழுமாக ஓடும் பட்டைகள் தட்டுப்படும். சீழ்க்கை அடிக்கவும் பலூன் ஊதவும் முடியாமல் போகும். அளவுகோல் அவர் கையிலேயே இருக்கிறது. தன் ஆள்காட்டி விரல், நடுவிரல், மோதிர விரல் மூன்றையும் ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, முன்பற்களுக்கு நடுவே நுழைக்கச் சொல்லுங்கள். மூன்றும் போனால் சரி. இரண்டு மட்டும் போனால் அன்றே பாக்கை நிறுத்தி மருத்துவரைப் பார்க்க வேண்டும். இறுகிய வாய் பழையபடி முழுதாகத் திரும்புவது அரிது. இவர்களுக்குப் புற்று வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம், அதோடு வாய் திறக்காததால் வந்த புற்றும் கண்ணில் படாது.

பல், காது, கழுத்து

ஈறு நோய் இல்லாத வாயில் ஒரே ஒரு பல் ஆடத் தொடங்கினால், அடியிலுள்ள எலும்பைப் பார்க்க வேண்டும். புகையிலை போடுபவர் "பல் ஆடுது, புடுங்கிடுங்க" என்று போய் நிற்கிறார், பல் போகிறது, குழி மூடுவதில்லை. பல் எடுத்த குழி ஒரு மாதம் ஆகியும் மூடாமல் சதை துருத்திக்கொண்டிருந்தால், அது பல்லின் பிரச்சினையாக இல்லாமல் இருக்கலாம். நேற்றுவரை பொருந்திய பல்செட் திடீரென்று பொருந்தாமல் போவதும், கீழுதடும் தாடையும் ஒரு பக்கம் மரத்துப்போவதும் இந்த வரிசையில் சேரும். காது மருத்துவர் பார்த்து ஒன்றுமில்லை என்று சொன்ன காதுவலி நாக்கின் பின்புறத்திலிருந்தோ தொண்டையிலிருந்தோ வரலாம், நரம்பு வழி அப்படி.

கடைசியாகக் கழுத்து. தாடைக்கு அடியிலும், காதுக்குக் கீழிருந்து காறை எலும்பு வரையும் இரு பக்கமும் விரல்களால் தடவுங்கள். பல்வலியோடு வந்து வலித்து, பல்வலி போனதும் வடியும் நெறி வேறு. வலிக்காமல், கெட்டியாக, வாராவாரம் வளரும் நெறி வேறு. இரண்டாவது வகை தெரிந்தால் நாம் பேசிக்கொண்டிருக்கும் தொடக்க நிலை கடந்துவிட்டது என்று பொருள். அப்போதும் சிகிச்சை உண்டு, ஆனால் நாள் கடத்த முடியாது.

அமாவாசையிலிருந்து பௌர்ணமி வரை

வாய்ப்புண் என்றால் நம் வீடுகளில் மணத்தக்காளிக் கீரையும் தேங்காய்ப்பாலும், மெடிக்கலில் ஒரு பி காம்ப்ளக்ஸ் மாத்திரையும்தான். சாப்பிடட்டும், தடுக்காதீர்கள். தடுத்தால் உங்கள் மற்ற பேச்சையும் கேட்கமாட்டார்கள். ஒரே ஒரு நிபந்தனை போடுங்கள்: இரண்டு வாரம். நாள் கணக்கு வைக்காத பெரியவர்களிடம் "அமாவாசைக்கு வந்த புண்ணு பௌர்ணமிக்குள்ள ஆறணும் அப்பத்தா, ஆறலைன்னா என்கூட ஆஸ்பத்திரிக்கு வரணும்" என்று சொன்னால் மறக்கமாட்டார்கள். முதல் நாளே செல்போனில் ஒரு படம் எடுத்துவைத்தால் பிறகு பேச்சுக்கு இடமிருக்காது. மேலே சொன்ன கெட்டியோ, சிவப்புத் திட்டோ, கழுத்து நெறியோ இருந்தால் இந்த இரண்டு வாரமும் கிடையாது.

வாசலில் நின்றுகொண்டு புற்று என்ற வார்த்தையை எடுக்காதீர்கள். அவர்களே கேட்டால் மழுப்பவும் வேண்டாம்.

"புத்தா இருக்குமோ தாயி?"

"இருக்கும்னும் என்னால சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாது. டாக்டர் பாத்தாத்தான் தெரியும். இப்பவே பாத்துட்டா சின்ன வைத்தியத்தோட போயிடும் அப்பத்தா."

ஆரம்ப சுகாதார நிலையத்தில் காட்டி, அரசு மருத்துவமனையின் பல் பிரிவுக்கோ காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கோ எழுதி வாங்குங்கள். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி, 1954-இல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கிய அடையாறு புற்றுநோய் நிலையம், காஞ்சிபுரம் காரப்பேட்டையிலுள்ள அரசு அறிஞர் அண்ணா புற்றுநோய் மருத்துவமனை ஆகியவற்றுக்கு அங்கிருந்து வழி கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப்போகச் சொல்லுங்கள்.

அங்கே பயாப்ஸி செய்ய வேண்டும் என்பார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, புண்ணின் ஓரத்தில் துளி சதை எடுத்துச் சோதிப்பதுதான் அது. "கத்தி பட்டாப் பரவிடும்" என்ற பயத்தில் பாதிப் பேர் இங்கேதான் திரும்பிவிடுகிறார்கள். சதை எடுப்பதால் வாய்ப் புற்று பரவுவதில்லை. எடுக்காமல் விடும் மாதங்களில்தான் பரவுகிறது. முடிந்தால் அன்றைக்குக் கூடவே போங்கள். முடிவு வாங்க மறுபடி வர வேண்டிய தேதியை நீங்கள் குறித்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டாவது நாளுக்குப் போகாமல் விட்டவர்கள் நிறையப் பேர்.

ஒன்றுமில்லை என்று முடிவு வந்து, புண் மட்டும் ஆறாமலே இருந்தால் மறுபடி அனுப்புங்கள். எடுத்த துளி சரியான இடத்திலிருந்து வராமல் போயிருக்கலாம், இரண்டாவது முறை எடுக்கச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. படலம் மட்டும்தான் என்று வந்தவர் புகையிலையை விட நினைத்தால் 1800 11 2356 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண் இருக்கிறது. அவர் வாங்கும் பொட்டலத்தின் மேலேயே அதை அச்சிட்டிருக்கிறார்கள். சிகிச்சை முடிந்து ஊர் திரும்பியவரின் பெயரையும் உங்கள் நோட்டிலிருந்து அடித்துவிடாதீர்கள். புகையிலை ஊறியது வாய் முழுவதும் என்பதால், இன்னோர் இடத்தில் புதிதாக ஒன்று தொடங்க வாய்ப்புண்டு. மருத்துவமனை சொன்ன மறுபரிசோதனைத் தேதிகளுக்கு நடுவிலும், அந்தத் தெருவுக்குப் போகும்போதெல்லாம் அவர் வாயை ஒருமுறை பாருங்கள்.